கடலுக்கு முதுகு காட்டி ஓடியவன்

கழுத்தில் ஒரு தராசு தொங்குகிறது. இடது தோளில் என் மகள் சரசு. வலது கையில் குடை இருக்கிறது, விரிக்க நேரமில்லை. கொட்டுகிற மழையில், தென்னந்தோப்புக்குள், கிழக்கே பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன். பின்னால் என் மனைவி தெய்வானை வருகிறாள்.

அன்று காலை ஆலப்புழைக் கடற்கரையில் இருந்த ஆண், பெண், குழந்தை அத்தனை பேரும் மேற்கே ஓடினார்கள். கிழக்கே ஓடியது எங்கள் குடும்பம் ஒன்றுதான்.

“அந்தப் பக்கம் போகாதீங்க! கடல் வருது! எல்லாரும் திரும்புங்க!” என்று எதிரே வந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். தலையில் கூடையும் கையில் வலையுமாக வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, என் தராசையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “கஷ்டம்!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோளில் இருந்த சரசு என் காதைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, நாஞ்சொல்றதைக் கேளுங்க!”

“பேசாம இரு கண்ணு. கெட்டியாப் புடிச்சுக்க.”

அவளுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் என் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். கேட்கவில்லை. குடும்பத்தலைவன் ஆபத்து வேளையில் குழந்தைகளிடம் யோசனை கேட்பதில்லை என்பது அக்காலத்தில் என் கொள்கை.

நான் ஏன் ஓடினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாலு முழத் தண்ணீர்

எனக்குச் சொந்த ஊர் எருத்தேன்பதி. மலையாள நாட்டு எல்லையில், சிற்றூர்த் தாலுகாவின் கிழக்குக் கோடி. நிலக்கடலையும் பருத்தியும் பனையும் விளைகிற பூமி. அங்கே நான் பார்த்த பெரிய நீர்நிலை எங்கள் கிணறுதான். நல்ல வருஷத்தில் நாலு முழம் தண்ணீர் நிற்கும். அதையும் நான் ஓரத்திலிருந்துதான் எட்டிப் பார்ப்பேன். கூடப் பிறந்தவர்கள் மேலிருந்து குதித்து நீந்துவார்கள். நான் அவர்களுடைய வேட்டிகளுக்குக் காவல் இருப்பேன்.

இருக்கிற மானாவாரிக் காட்டுக்கு அண்ணன்மார்களே போதும் என்று ஆனபோது, உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்குக் கணக்குப்பிள்ளையாகக் கிளம்பினேன். சும்மா கிளம்பியிருக்கலாம். கோயில் வாசலில் ஊர் கூடியிருந்த நேரம் பார்த்து, “இனி இந்த வறட்டு மண்ணுல கால் வெக்க மாட்டனுங்க. வந்தா மகராசனாத்தான் வருவனுங்க” என்று அறிவித்துவிட்டேன். அந்த வாயால்தான் பிற்பாடு ஊருக்குத் திரும்புகிற வழி அடைபட்டது.

மலையில் எனக்கு வீரன் என்று பெயர். தோட்டத்துக்குள் யானை வந்தால் தகரத்தை அடித்து விரட்டிவிடுவேன் என்று ஊருக்குக் கடுதாசி போடும்போதெல்லாம் எழுதுவேன். யானை வந்தது உண்மை. தகரம் அடித்ததும் உண்மை. அடித்தவர்கள் ஆட்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் பலமாக அடிக்கச் சொன்னவன்.

தெய்வானையின் மூச்சு

தெய்வானை எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே அவளுக்கு இளைப்பு கண்டுவிட்டது.

உடும்பஞ்சோலை மழை நம் ஊர் மழை அல்ல. கொட்டிவிட்டு ஓய்வதில்லை. நூல் நூலாக மாதக்கணக்கில் இறங்கும். சுவர் வியர்க்கும். துணி காயாது. காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து வருகிற புகை, மேலே போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். அதற்குள் அவள் உட்கார்ந்து மூச்சை இழுப்பாள். அடுப்படியிலிருந்து வாசற்படி வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். பேச வேண்டுமென்றால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே காத்திருக்க வேண்டும்.

நான் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். தூதுவளை, ஆடாதொடை, கம்பளி. கம்பளிக்கு மேல் இன்னொரு கம்பளி. கம்பளியில் படிகிற பூஞ்சையே அவளுக்கு ஆகாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மலையாள நாட்டையே முக்கியெடுத்த அந்தப் பெரிய வெள்ளத்துக்கு ஓரிரு வருஷம் தள்ளி ஒரு மழைக்காலத்தில், அவள் பிழைக்க மாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம். தேறி எழுந்ததும் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் என்னைத் தனியே கூப்பிட்டார். எப்போதும் தமாஷாகப் பேசுகிறவர். அன்று தமாஷ் இல்லை.

“இன்னொரு மழையை இங்க வச்சுப் பாக்காதீங்க பிள்ளை. சூடான ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. கடலோரம்னா நல்லது.”

சூடான ஊர் என்றால் எருத்தேன்பதி இருக்கிறது. ஆனால் அங்கே பிழைப்பு இல்லை. பிழைப்பு இருந்தாலும், மேலே சொன்ன அறிவிப்பு இருந்தது. முதலாளிக்கு ஆலப்புழையில் ஏலக்காய்ப் பண்டகசாலை ஒன்று உண்டு. அங்கே போகிறேன் என்று கேட்டேன்.

முதலாளி போடிக்காரர். நல்ல மனிதர். “போயிட்டு வாரும். ஒரு மழைக்காலம் இருந்து பாரும். அந்த அம்மாவுக்கு ஒத்துக்கலைன்னா சொல்லும், வேற ஏதாச்சும் யோசிப்போம். மேல உம்ம இடத்துக்கு அதுவரைக்கும் யாரையும் போட மாட்டேன்” என்றார்.

இதுதான் கடல்

மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாகக் கோட்டயம் வந்து, அங்கிருந்து படகு ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் கரை விலகி, கண்ணுக்கு எட்டியவரை தண்ணீராக விரிந்தது. படகுக் கட்டையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறதே.

“சரசு, பாத்துக்க. இதுதான் கடல். எல்லாரும் என்னமோ சொல்லிப் பயமுறுத்துவாங்க. இவ்வளவுதான்” என்று கையை வீசிக் காட்டினேன்.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். “இது காயலாணு” என்றார். அதாவது ஏரி.

“கடல்?” என்றேன்.

“அது நாளெக் காணாம்” என்றார், சிரிக்காமல். நாளைக்குப் பார்க்கலாமாம்.

மறுநாள் பார்த்தேன். பண்டகசாலைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு ஓலை வீடு. வீட்டுக்கு முன்னால் மணல். மணலுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த இடம் எழுந்து நின்று, சுருண்டு, எங்களை நோக்கி வந்து விழுந்தது. உடனே இன்னொன்று எழுந்தது.

“ஏனுங்க மாமா, இது எப்ப நிக்குமுங்க?” என்று கேட்டாள் தெய்வானை.

“பொழுது சாஞ்சா நின்னுரும்” என்றேன், தெரிந்தவன் மாதிரி.

உப்பு

நிற்கவில்லை. சத்தத்தோடு வாழப் பழகினோம். உப்போடு வாழப் பழகுவதுதான் கஷ்டமாக இருந்தது.

தீக்குச்சி பற்றாது. அப்பளம் காலையில் சுட்டால் மத்தியானம் துணி மாதிரி மடியும். பூட்டு துருப்பிடித்து, சாவி உள்ளே போனால் வெளியே வராது. ஜாடியில் உப்பு வைத்தால் தண்ணீராகிவிடும். ஆனால் வீட்டில் உப்பு வைக்காத மற்ற எல்லாப் பொருளிலும் உப்பு இருக்கும். ஏலக்காயோ ஈரத்தைக் குடித்துவிட்டு எடை ஏறி நிற்கும். உலர்த்தினால் மறுபடி குடிக்கும்.

தெய்வானைக்கு மணல்தான் எதிரி. எங்கள் ஊர் வழக்கப்படி விடிந்ததும் வாசல் கூட்டிச் சாணி தெளித்தாள். சாணியை மணல் குடித்துவிட்டது. கூட்டினாள். கூட்டக் கூட்ட மணலே வந்தது.

“கடல் வரைக்கும் கூட்டோணும் போல இருக்குதுங்க” என்று விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஒரே வாரத்தில் அந்தச் சண்டையை விட்டுவிட்டாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கயிறு திரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி கார்த்தியாயனி. அவள் புருஷன் வள்ளத்தில் போய் மீன் பிடிக்கிறவன். அவள் மலையாளத்தில் பேசுவாள், இவள் எங்கள் ஊர்த் தமிழில் பேசுவாள். நாள் முழுக்கப் பேசுவார்கள். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. கார்த்தியாயனியின் மகள் கல்யாணிக்கும் எங்கள் சரசுவுக்கும் ஒரு மாதத்துக்குள் ஒரே பாஷையாகிவிட்டது.

மலையாளத்தில் திண்டாடியது, எனக்கு மலையாளம் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்த நான்தான். சிற்றூர்த் தாலுகாக்காரனுக்கு மலையாளம் தெரியாமல் இருக்குமா? கரம், பட்டயம், அபேட்சை, ஹர்ஜி, தாசில்தார் கச்சேரியில் செல்லுபடியாகிற சொல் அத்தனையும் தெரியும். அதை வைத்துக்கொண்டு மீன்காரியிடம் பேசினால், அவள் ஏதோ ஜப்தி செய்ய வந்திருக்கிறேன் என்று கூடையை மூடிக்கொண்டாள்.

போதாக்குறைக்குக் கோட்டு. கணக்குப்பிள்ளை என்றால் கறுப்புக் கோட்டு போட வேண்டும் என்பது மலைச் சட்டம். ஆலப்புழை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பண்டகசாலைக்கு நடப்பேன். வியர்வை காய்ந்து, முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு விழும். “ஒங்க முதுகுலயும் கடல் வந்துட்டுப் போயிருக்குதுங்க” என்பாள் தெய்வானை.

எனக்குள்ளே பயம் மட்டும் போகவில்லை. கடல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருகிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அலை எட்டுகிற இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்து, தினம் போய்ப் பார்த்தேன். குச்சி தினம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. சரசுவும் கல்யாணியும் அதைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டு விளையாடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல நாள் ஆயிற்று.

அப்படியும் மனசு சமாதானமாகவில்லை. மலையைப் பெயர்த்துக்கொண்டு தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பெரிய வெள்ளத்தின்போது, எதிர்ச்சரிவில் இருந்த ஒரு காடு முழுதாக எழுந்து நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளமெல்லாம் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தது? இங்கேதான். இது ஒருநாள் திரும்பாது என்று யார் சொன்னது?

சத்தம் நின்ற காலை

மழைக்காலம் வந்தது. நான் ராத்திரியும் பகலும் தெய்வானையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமினாள். ஒன்றிரண்டு நாள் லேசாக இழுத்தது. ஒவ்வொரு தடவையும், இதோ ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு உயிர் போய் வந்தது.

கரையில் எல்லோருக்குமே கஷ்டகாலம். கடல் வெறி பிடித்து நின்றது. வள்ளங்களைத் தென்னை மரத்தடிக்கு இழுத்துக் கவிழ்த்துவிட்டார்கள். வேலை இல்லை. கார்த்தியாயனி வீட்டு அடுப்பில் பாதி நாள் புகையில்லை. தெய்வானை ஏதாவது சாக்குச் சொல்லி ராகிக் களியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர்கள் அதை மரியாதைக்குத் தின்றார்களா பசிக்குத் தின்றார்களா என்று தெரியாது. தின்றார்கள்.

ஒருநாள் காலை. பண்டகசாலைத் தராசு துருப்பிடிக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துவந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஏதோ குறைவதுபோல் இருந்தது. காதைத் தீட்டினேன். அலைச் சத்தம் இல்லை. மழை பெய்கிறது, காற்று அடிக்கிறது, கடல் மட்டும் பேசவில்லை. இத்தனை மாதம் அந்தச் சத்தத்தைத் திட்டியவனுக்கு, அது நின்றதும் மயிர்க்கூச்செறிந்தது. பாய்வதற்கு முன்னால் புலி இப்படித்தான் பேசாமலிருக்கும்.

அப்போது வெளியே கூச்சல் கிளம்பியது. “சாகர! சாகர வந்நே!”

என் படிப்பு என்னைக் கவிழ்த்த இடம் இது. சாகரம் என்றால் சமுத்திரம். வந்நே என்றால் வந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு யார் எச்சரிக்கை செய்ய முடியும்?

“தெய்வானை! ஓடு!”

கையில் இருந்த தராசைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், முதலாளி பொருள் அல்லவா. சரசுவைத் தூக்கித் தோளில் போட்டேன். குடையை எடுத்தேன். கடல் வருகிறபோது குடை எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஓடினோம். தோப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சேற்றில் விழுந்து எழுந்து, கால்வாய்க்கரைப் பாதை வரைக்கும் ஓடினோம். அங்கே சேற்றில் அப்படியே உட்கார்ந்தேன். எதிரே கூடையோடு வந்த கார்த்தியாயனி எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள். காலையிலேயே யார் வீட்டுக்கோ போயிருந்தவள், கூச்சல் கேட்டுக் கரைக்குத் திரும்பி ஓடிவருகிறாள்.

“அண்ணாச்சி எவிடெப் போவுந்நு? கடல் அவிடெயல்லே?” என்று மேற்கே கை காட்டினாள்.

எங்கே போகிறீர்கள், கடல் அங்கேயல்லவா என்கிறாள். சரசு தோளிலிருந்து குதித்து இறங்கினாள். “அதைத்தானே நானும் அப்பத புடிச்சுச் சொல்றேன்! சாகரன்னா கடல் வர்றதில்லீங்கப்பா. ஒரு எடத்துல சேறு வந்து கடல் கொளமாட்டம் நின்னுக்குமாம். அங்க மீனெல்லாம் வந்து கூடிருமாம். வள்ளம் போலாமாம். கல்யாணி நேத்தே சொன்னா, இன்னிக்கோ நாளைக்கோ வருமுன்னு!”

கார்த்தியாயனிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, நேரமாகிறது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடியே ஓடிவிட்டாள். அவள் போன பிறகும் தோப்புக்குள் அந்தச் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் சேற்றில் உட்கார்ந்து புஸ்புஸ்ஸென்று இரைத்துக்கொண்டிருந்தேன். தராசுத் தட்டு இரண்டும் மூச்சுக்கு மூச்சு மோதிக் கிணுகிணுத்தன.

தெய்வானை என் முன்னால் நின்றாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் வடிந்தது. நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, எதையோ உற்றுக் கேட்பவள்போல நின்றாள்.

“என்னாச்சு? இழுக்குதா?” என்றேன். அந்த மழையில் அவளை ஓட வைத்தவன் நான்.

“இல்லீங்க மாமா” என்றாள். “இழுக்கலீங்க. நானு ஓடியாந்திருக்கறனுங்க. இத்தன தூரம் ஓடியாந்திருக்கறனுங்க. மூச்சு... தானா வருதுங்க.”

இதை நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மலையில் அவள் நடந்துதான் பார்த்திருக்கிறேன், அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் இரைக்க இரைக்க அவளைப் பார்த்தேன். அவள் இரைக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மழை பெய்ததால் அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று சரசுவுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கரைக்குப் போனோம். ஒரு மைல் அகலத்துக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. இரண்டு பக்கமும் அலை மலைமலையாக எழுந்து விழ, நடுவில் மட்டும் வள்ளங்கள் கோயில் குளத்துத் தெப்பம்போல மிதந்தன. மீன் வெள்ளிவெள்ளியாக வந்து குவிந்தது. பசித்துக் கிடந்த கரை முழுக்க அடுப்புப் புகை எழும்பியது.

புதுப்பெயர்

அன்றைக்கு மத்தியானத்துக்குள் எனக்கு ‘சாகர அண்ணாச்சி’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆலப்புழையில் இருந்த காலமெல்லாம் அந்தப் பெயர்தான். கடை வீதியில் என்னைக் கண்டால், சின்னப் பையன்கள் கழுத்தில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிக்கொண்டு கிழக்கே ஓடிக் காட்டுவார்கள்.

மழைக்காலம் முடிந்து முதலாளி வந்தார். வீட்டு முன்தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவர் காதுக்குக் கதை வந்து சேர்ந்திருந்தது என்பது, அவர் மீசையில் கையை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது.

“என்னய்யா நாச்சிமுத்து, மேல வர்றீரா? உம்ம இடம் அப்படியே இருக்கு. சொல்லப்போனா, பெரிய கணக்குப்பிள்ளை வேலைக்கே உம்மைத்தான் நினைச்சு வச்சிருக்கேன்.”

பெரிய கணக்குப்பிள்ளை! குளிர்ந்த காற்று, கோட்டுக்கு மரியாதை, தண்ணீரெல்லாம் எனக்குக் கீழே எங்கோ தூரத்தில் ஓடுகிற உத்தியோகம். கனவில்கூட நான் அவ்வளவு கேட்டதில்லை.

“இல்லீங்க முதலாளி” என்றேன். “எனக்கு இந்தக் கடல்காத்து ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க. இந்தச் சத்தமில்லாம தூக்கம் வர்றதில்லீங்க. பண்டகசாலை வேலையில கத்துக்க வேண்டியது இன்னும் ஏராளமா இருக்குதுங்க. மலையெல்லாம் எனக்கு எப்பவுமே...”

“பொய் சொல்றாருங்க” என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

தெய்வானை முதலாளி முன்னால் பேசியதே கிடையாது. மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி உடம்பு கதவுக்குள் இருக்க, தரையைப் பார்த்துப் பேசினாள். ஆனால் சத்தமாகப் பேசினாள்.

“அவருக்குக் கடல்னா பயமுங்க. இன்னைக்கும் பயமுங்க. காத்தாலே எந்திரிச்சதும் அது எங்க நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் மொகமே கழுவுவாருங்க. எனக்கோசரம் இருக்கறாருங்க.”

முதலாளி மீசையிலிருந்து கையை எடுத்தார். சிரிக்கவில்லை. மோரை வாங்கிக் குடித்தார்.

எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இடது பக்கம் முதலாளி. வலது பக்கம் சுவர். பின்னால் தெய்வானை. முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு ஒரு பக்கம்தான் மிச்சமிருந்தது. கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.